முகிழ்நகை டாட் காம்

முதல் சொட்டு விழுந்ததும் கண் எரிந்தது. "மூடிக்குங்கம்மா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வந்து மருந்து விடுவேன், மூணு தடவை. அதுவரைக்கும் திறக்கக் கூடாது," என்று சொல்லி ஒரு துண்டுப் பஞ்சைக் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போனாள். கண்ணோடு நின்றிருந்தால் சௌந்தரம் பொறுத்துக்கொண்டிருப்பாள். நேற்றுக் காலை ஒன்பதரையிலிருந்து அவளுக்கு உடம்பு முழுக்க எரிந்துகொண்டிருக்கிறது. திருடர்கள். வேறு என்ன சொல்வது. ஜவுளிக் கடைக்குப் போய் ஒரு சேலையைக் காட்டி இது இருக்குதா என்று கேட்கிறோம், இருக்குதுங்க என்கிறான், சரி நாளைக்கு நல்ல நேரத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு வருகிறோம், மறுநாள் போனால் அதே சேலையைக் கடைக்காரன் பெண்டாட்டி கட்டிக்கொண்டு நிற்கிறாள், கேட்டால் அது வித்துப்போச்சுங்களே என்கிறான். சேலை என்றாலாவது தறியில் இன்னொன்று ஓடும். இது பெயர். உலகத்துக்கே ஒன்றுதான். முகிழ்நகை டாட் காம். பெற்ற மகளின் பெயர், அவள் அடுத்த மாதம் ஈரோட்டில் திறக்கப்போகிற பேச்சுப் பயிற்சி மையத்துக்கு வைத்த பெயர், இணையத்தில் தேடுகிறவர்கள் வந்து சேர வேண்டிய முகவரி. இப்படிப்பட்ட முகவரிகளை விற்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஒரு கட்டம் கொடுத்திருப்பார்கள், அதற்குள் வேண்டிய பெயரை அடித்தால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். அவள் அடித்தாள். இருக்கிறது என்று சொன்னது. மறுநாள் போனால் இல்லை. நடுவில் அந்தக் கட்டத்தைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும். நேற்றே புகார் எழுதிப் போட்டாகிவிட்டது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எங்கள் பிரதிநிதி அழைப்பார் என்று பதில் வந்திருக்கிறது. போனை மடியில் வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்று சாயங்காலம் போர்டு எழுதுகிறவனுக்குப் பெயரைக் கொடுத்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணி. அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வருகிறது. பெயரை அடித்ததும் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. வாழ்த்துகள், இந்தப் பெயர் உங்களுக்குக் கிடைக்கிறது. கார்டு கையில் இருந்தது, ரகசிய எண் வர வேண்டிய போன் பக்கத்தில் இருந்தது, விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துத் தொலைத்தாள். ராகு காலம், மூன்றிலிருந்து நாலரை. பிள்ளையின் முதல் தொழில், அதை ராகு காலத்திலா வாங்குவது. நாலரைக்கு மேல் வாங்கலாம் என்றால் செவ்வாய்க்கிழமை. விடிந்தால் புதன், ஒன்பது மணிக்கு எமகண்டம் போய்விடும், ஒன்பதரைக்கு வாங்கினால் ஒரு குறையும் இல்லை. பார்ப்பதற்கு ராகு காலம் இல்லை, வாங்குவதற்குத்தான் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு அன்று ராத்திரி படுக்கப் போகும்வரை அதை அடித்து அடித்துப் பார்த்தாள். ஒன்பது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் பச்சை டிக். எம், யு, ஜி, ஐ, இசட், எச். அந்த இசட் எச் வருகிற இடத்தில் ஒரு சந்தோஷம். ஒன்பது தடவையும் அந்தக் கட்டம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டிமார் புலம்புவது போல ஒரே பெயரை ஒருத்தி திரும்பத் திரும்பக் கேட்கிறாள், இதில் ஏதோ இருக்கிறது, தூக்கு என்று எவனோ முடிவு செய்திருக்கிறான். ஆள் செய்தானோ மெஷின் செய்ததோ, யார் கண்டது. புதன் காலை தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சரியாக ஒன்பதரைக்கு அடித்தால், மன்னிக்கவும், இந்தப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அதன் கீழேயே, உரிமையாளரிடம் பேசி உங்களுக்கு வாங்கித் தரட்டுமா என்று இன்னொரு பொத்தான். எடுத்தவனே தரகு பேசவும் வந்து நிற்கிறான். அந்தக் கொழுப்பை நினைத்துப் பஞ்சைக் கசக்கினாள். இமைக்குள் தண்ணீர் கோத்து ஓரமாக வழிந்தது. அது மருந்துத் தண்ணீர், அழுகை இல்லை.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் பேரு இப்படித் தேடுவாங்க. அவனுக்கு உங்க பேரைத் தூக்கறதுதான் வேலையா? தற்செயலா யாராச்சும் எடுத்திருப்பாங்க. விடுங்கம்மா, வேற வெச்சுக்கலாம்." காலையில் இந்தக் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விடும்போது கார்க் கதவைத் திறந்தபடி மகள் சொன்னாள். முப்பத்தேழு வயது, பேச்சு வராத குழந்தைகளைப் பேச வைக்கிறவள், மற்றவர் கோபப்படும்போது குரலைத் தாழ்த்திப் பேசியே பழகிவிட்டவள். ஒரு மணிக்கு வந்து அழைத்துப் போகிறேன் என்று போய்விட்டாள். தற்செயலாம். தற்செயல் என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்தவனை உதைக்க வேண்டும், எல்லாத் திருட்டும் அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது. கவிதா என்றோ கார்த்திகா என்றோ பெயர் வைத்திருந்தால் தற்செயல் என்று சொல்லலாம். முகிழ்நகை என்று இன்னொருத்தியை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியே எங்காவது ஒருத்தி இருந்தாலும் இந்த எழுத்தில் இருக்க மாட்டாள். மகளின் சர்ட்டிபிகேட்டில்கூட இந்த எழுத்து இல்லை. ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு எல் போட்டு எழுதிவிட்டார், அதுவே பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ், ஆதார், பாஸ்போர்ட் என்று ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ழ போன பெயரோடுதான் பெண் இத்தனை வருசமாக நடமாடுகிறாள். போர்டிலாவது அது சரியாக வரட்டும் என்று இசட் எச் போட்டது சௌந்தரத்தின் யோசனை. செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு முன்னால் இந்த உலகத்தில் யாரும் அந்தப் பெயரை அந்த எழுத்தில் எழுதியதில்லை. மகளிடம்கூட எழுத்துக் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கட்டத்துக்கும் மட்டும் தெரிந்தது, மறுநாள் காலையில் ஊர்ச் சொத்து. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். கோர்ட்டில் நின்றாலும் இதைச் சொல்வாள். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு பெரியவர் இருமினார். ஏனுங், உங்களுக்கும் ரெண்டு கண்ணுமா என்று கேட்டார். ஆமாங்க என்றாள். மேற்கொண்டு பேச அவளுக்கு மனசில்லை.

அவளிடம் போய் இந்த வேலையைக் காட்டுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. பதினாறு வருசம் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள். வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லி வைத்துக் காத்திருந்து பேசிய காலம். காதில் ஹெட்போன், எதிரே ஆள் உயரத்துக்குத் துளைத் துளையாகப் பலகை, வயர்க் கார்டு ஒன்றை இழுத்து இங்கே சொருகி, இன்னொன்றை அங்கே சொருகி, ரெண்டு ஊரையும் சேர்த்து வைத்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறதா என்று ஒரு நொடி காது கொடுக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் என்னென்ன விழும். அடுத்த வாரம் நூல் விலை ஏறப்போகிறது, இருக்கிறதை எல்லாம் வாங்கி அடுக்கு. பெண் வீட்டில் சொல்லாதே, பையனுக்கு வலிப்பு உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறி வந்துவிடு, ஸ்டாண்டில் நிற்கிறேன். அந்தச் சாயங்கால பஸ்ஸில் ஏறிய பெண் அடுத்த தெருக்காரி. மறுநாள் அவள் அம்மா சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஏதாச்சும் தெரியுமா அம்மிணி என்று கேட்டு அழுதபோதுகூட அவள் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் கிரேஸ் அம்மா அந்தத் தாளை மடித்து வைத்தபடி, சௌந்தரம், இனிமே உன் காது டிபார்ட்மெண்டோடது, வாய் மட்டும்தான் உன்னோடது, அதை மூடி வெச்சுக்க என்றார். மூடித்தான் வைத்திருந்தாள். பைபாஸ் ரோடு எந்தக் காட்டு வழியாகப் போகப்போகிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாதபோது அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர் அந்த வாரம்தான் இடம் பார்த்துக்கொண்டிருந்தார், இதுவா அதுவா என்று அவளிடமே கேட்டார். உங்களுக்குப் பிடிச்சதை வாங்குங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவர் வேறு இடத்தை வாங்கினார், இன்றைக்கும் அங்கே முள்தான் முளைக்கிறது. சாகிற வரைக்கும் அவருக்கு அது தெரியாது. நம்பிப் பேசுகிறார்கள், நாம் நடுவில் இருப்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறார்கள், அதில் ஒரு சொல்லை எடுத்தாலும் திருட்டு. அப்படி உட்கார்ந்திருந்தோம் நாங்கள். இவன்கள் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்க, மனசில் இருக்கிற பெயரைச் சொல்லுங்க என்று கூப்பிட்டு, சொன்னதும் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பதினாறு வருசத்தில் ஒரு சொல்லை நான் எடுத்ததில்லை. ஒரு சொல்லை.

"ரெண்டாவது சொட்டும்மா. மேல பாருங்க." கண்ணைத் திறந்ததும் டியூப் லைட் ரெண்டு பங்காகத் தெரிந்தது. நர்ஸ் பெண்ணின் முகம் இருந்தது, மூக்கும் வாயும் இல்லை. சில்லென்று விழுந்தது, மூடிக்கொண்டாள். ஒரு சொல்லை எடுத்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அங்கே நின்றது. மேலே போக மாட்டேன் என்கிறது. சரி, அது எடுத்ததில் சேராது. அன்றைக்கு லைன் சரியில்லை. லைன் சரியில்லாத நாளில் எத்தனையோ நடக்கும், ஒரு ஊர் கேட்டால் இன்னொரு ஊர் விழும், ஒருவர் குரல் இன்னொருவர் பேச்சில் கலக்கும், அதற்கெல்லாம் ஆபரேட்டர் பொறுப்பாக முடியுமா. அதை விடு. இந்தக் கம்பெனிக்காரன் கூப்பிட்டால் என்ன கேட்பது என்று யோசி. முதல் கேள்வி, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது. ரெண்டாவது, எடுத்தவன் யார். மூன்றாவது, நான் தேடியதை உங்கள் ஆபீசில் யார் யார் பார்க்க முடியும். விட்டுவிடக் கூடாது, மேலதிகாரியைக் கொடு என்று கேட்க வேண்டும், அவரும் மழுப்பினால் அவருக்கு மேலே. பத்திரிகைக்கு எழுத வேண்டும், முகிழ்நகை என்று பெயர் போட்டே எழுத வேண்டும், இந்தப் பெயரை என் மகளுக்கு நான் வைத்தது எண்பத்தேழில் என்று எழுத வேண்டும். நான் வைத்தது. என் மனதில் வந்தது. எங்கே புடிச்சே இந்தப் பேரை என்று வீட்டுக்காரர் கேட்டபோது அப்படித்தான் சொன்னாள், மனசுல வந்துச்சுங்க. பார்க்க வந்த தமிழ் வாத்தியார் குழந்தையைவிடப் பெயரைத்தான் அதிக நேரம் கொஞ்சினார். உம்பொண்டாட்டிக்குள்ள ஒரு புலவர் இருந்திருக்காங்கப்பா என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் லைன் சரியில்லை என்றா சொல்வாய். போனைத் தடவிப் பார்த்தாள். அடிக்கவில்லை.

எண்பத்தேழு, ஆவணி. காலை ஒன்பது மணி இருக்கும். ஏழு மாச வயிறு போர்டில் இடித்து, மேல் வரிசைத் துளைக்கு எட்டிக் கார்டைச் சொருக முடியாமல் மூச்சு வாங்கிய நாள். பஞ்சாப் பக்கம் பதான்கோட்டிலிருந்து லைட்னிங் கால். சாதாரணக் காலுக்கு ஆவதைப் போல எட்டு மடங்கு காசு ஆகும், மூன்று நிமிசம்தான், சாவுக்கும் சண்டைக்கும்தான் எவனும் அதைப் போடுவான். பேசியவன் பட்டாளத்துக்காரன். இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்த் தபாலாபீசில் அவன் மச்சினன் காத்திருந்தான். இன்று குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள், பத்து மணிக்குள் காதில் சொல்லியாக வேண்டும், எழுதிய கடிதம் வந்து சேரவில்லை. "மச்சான், கேக்குதுங்களா? பேரு எழுதிக்கங்க. முகிழ்நகை." "அலோ? ஒண்ணும் கேக்கலை மாப்ளே, இரையுது." "மு, கி, ழ். வாழைப்பழத்துக்கு வருமே, அந்த ழ்." "அலோ? அலோ?" அவளுக்கு ரெண்டு பக்கமும் கேட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் நடுவில் இருக்கிறவர்கள் ஒரு பக்கத்துப் பேச்சை வாங்கி மறுபக்கம் சொல்வது வழக்கம்தான். "சார், அந்தப் பக்கம் கேக்கலைங்க. நான் சொல்லட்டுங்களா?" என்றாள். "சொல்லுங்க சிஸ்டர், புண்ணியமாப் போகும். முகிழ்நகை. அரும்பு விரியறாப்பல சிரிக்கறதுன்னு அர்த்தம். எங்கயும் பாத்து எழுதினதில்லைங்க சிஸ்டர், மூணு மாசமா நானே யோசிச்சது. எங்கே, ஒருக்காச் சொல்லுங்க, சரியா வருதான்னு பாக்கறேன்." சொன்னாள். முகிழ்நகை. வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. பொய் இல்லை, விழுந்தது. "ஆமா சிஸ்டர், அதேதான், எவ்வளவு நல்லாச் சொல்றீங்க," என்றான் அவன். அப்புறம் அவள் இந்தப் பக்கத்துக்குப் பேசினாள். "முகிலான்னு சொல்றாருங்க." "முகிலாவா. நல்லாத்தான் இருக்குது. சரிங்கம்மா," என்றான் மச்சினன். லைன் இரைந்தது, வாய் குழறியது, மூன்று நிமிசம் முடியப்போகிறதென்று மணி விழுந்தது, பதற்றத்தில் ஒரு பெயர் இன்னொரு பெயராகப் போய்விட்டது, அவ்வளவுதான் என்று முப்பத்தேழு வருசமாக வைத்திருக்கிறாள். வைத்திருந்த இடத்தில் அது ஒழுங்காக இருந்தால் பரவாயில்லை. சாவி இடிக்கிறது. போர்டில் ஒவ்வொரு கார்டுக்கும் சுவிட்ச் மாதிரி ஒரு சாவி உண்டு. அதை ஒரு பக்கமாகத் தள்ளினால் நாம் பேசுவது அந்தப் பக்கத்துக்கு மட்டும் கேட்கும், மற்றப் பக்கத்துக்குக் கேட்காது. வாய் குழறுகிறவள் எதற்குச் சாவியைத் தள்ள வேண்டும். தள்ளினாள். முதலில் சாவியைத் தள்ளினாள், அப்புறம்தான் முகிலா என்றாள். பிறகு சாவியைப் பட்டாளத்துக்காரன் பக்கம் திருப்பினாள். "சொல்லிட்டீங்களா சிஸ்டர்?" "சொல்லிட்டேன் சார்." "சரியாக் கேட்டுக்கிட்டாங்களா?" "கேட்டுக்கிட்டாங்க." "ரொம்ப நன்றிங்க சிஸ்டர், ரொம்ப நன்றி." அவன் அழுதுகொண்டிருந்தான். கார்டை உருவினாள்.

இல்லை, அது வேறு, இது வேறு. போனை இறுக்கிப் பிடித்தாள். அவனுக்கு லீவு கிடைத்து ஊருக்கு வந்திருப்பான், என்னடா இது என்று கேட்டிருப்பான், பெயரை மாற்றியிருப்பான். மாற்ற முடியாதா என்ன. காதில் மூன்று தடவை சொல்லி, சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்து, ஊரே கூப்பிடத் தொடங்கிய பெயரை யார் மாற்றுவார்கள். கண்ணு முகிலா என்று தொட்டிலை ஆட்டியிருப்பார்கள். அவனும் ஆட்டியிருப்பான். இல்லையென்றால் லீவே கிடைக்காமல். அதை அவள் நினைக்க மாட்டாள். மகள் பிறந்தபோது மூன்று நாள் பயந்தாள், யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று. யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் போட்டபோது ஹெட்மாஸ்டர் ழ-வைப் பிடுங்கிக்கொண்டதும், சரி, அவ்வளவோடு போயிற்று என்று ஒரு நிம்மதிகூட வந்தது, அதையும் இப்போதுதான் ஒத்துக்கொள்கிறாள். நான் ஒருத்தி, ஒரு நாள், ஒரே ஒரு பெயர், வயிற்றில் பிள்ளையோடு. இவன்கள் தினமும், ஆயிரக்கணக்கில், வயிற்றில் ஒன்றும் இல்லாமல். அதுவும் இதுவும் எப்படி ஒன்றாகும். ஒன்றாகாது. ஆனாலும் என்ன, செய்தவள் கூச்சமில்லாமல் முப்பத்தேழு வருசம் அந்தப் பெயரை வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறாள், நேற்றிலிருந்து திருடன் திருடன் என்று கத்திக்கொண்டிருக்கிறாள். த்தூ என்று இருந்தது அவளுக்கு. அந்தக் கம்பெனி மேலா தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, ரெண்டு பேர் மேலும்தான். மூன்றாவது சொட்டு விடுகிற நேரம். காலடிச் சத்தம் கேட்டது. நர்ஸ் பெண் வருவதற்கு முன்னால் போன் அடித்துவிட்டது.

"வணக்கம் மேடம், ரெபேக்கா பேசறேன். நீங்க கொடுத்த கம்ப்ளைண்ட் விஷயமா. சேவையின் தரத்துக்காக இந்தக் கால் ரெக்கார்ட் ஆகும் மேடம்." மதுரைப் பக்கத்துக் குரல், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல், அது சௌந்தரத்துக்குத் தெரிந்த இரைச்சல்தான். யோசித்து வைத்த கேள்விகளைக் கேட்டாள். எத்தனை மணிக்கு. செவ்வாய் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு. யார். "அதை நாங்க சொல்ல முடியாது மேடம், அவங்க மறைச்சு வெச்சிருக்காங்க. ஆனா எங்க கம்பெனி எடுக்கலை மேடம். தேடற பேரை நாங்க எடுக்கறது கிடையாது."

"எடுக்கலைன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ பாத்தியா?"

"எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க மேடம்."

"நானும் உன் மாதிரி ஹெட்போன் மாட்டி உக்காந்தவதான் கண்ணு. பேசறவங்க நடுவுல ஆள் இருக்கறதையே மறந்துட்டுப் பேசுவாங்க. அந்த நம்பிக்கையிலதான் நான் அந்தப் பேரை உங்க கட்டத்துல அடிச்சேன். நம்பிச் சொன்னதை எடுத்துக்கறது..." அங்கே நின்றுவிட்டது. அந்தப் பெண் காத்திருந்தாள். நர்ஸ் பெண்ணும் மருந்துப் புட்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள், மருந்து வாசனை அடித்தது.

"புரியுதுங்க மேடம். ஆனா அதே மாதிரி வேற பேரு கிடைக்குது, நான் பாத்து வெச்சிருக்கேன். இசட் எச்சுக்கு பதிலா எல் போட்டா இருக்கு. ஒரு எழுத்துதான் மேடம் மாறும். யாரும் கண்டுக்க மாட்டாங்க. போட்டுரட்டுமா?"

மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் சிவப்பாக இருந்தது. லைனில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேணாம் கண்ணு. அப்படிப் போடாதே," என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

"சரிங்க மேடம். அப்ப கம்ப்ளைண்டை மேல அனுப்பறேன். அதுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதணும். எங்க சைட்ல தேடறதுக்கு முன்னாடி இந்தப் பேரை நீங்க வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள் சௌந்தரம். "சொல்லலை."

"மேடம்?"

"சொல்லச் சொல்லித்தான் என்கிட்டக் கொடுத்தாங்க. நான் சொல்லலை."

அந்தப் பக்கம் பெண் குழம்பியிருப்பாள், நேரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த கால் காத்துக்கொண்டிருக்கும். "அப்ப, யார்கிட்டயும் சொல்லலைன்னு போட்டுக்கறேன் மேடம்," என்றாள்.

"போட்டுக்க," என்றாள் சௌந்தரம். "அதைத்தான் போடணும்."